படுக்கையருகே இருப்பவர்



இத்தகைய அறக்கட்டளை மேடைகளுக்கு மருத்துவர்களை அழைப்பதுதான் வழக்கம். இம்முறை ஒரு செவிலியரை அழைத்திருக்கிறீர்கள். நன்றி சொல்லிவிட்டு நேரே பொருளுக்குப் போகிறேன். ஐ.சி.யூ. என்று ஊரெங்கும் சொல்லப்படும் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் என்னதான் செய்கிறார் என்பதே இன்றைய பொருள். அதையொட்டி எனக்கு ஒரு வாதமும் உண்டு. தீவிர சிகிச்சையின் வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். பிழைப்பவர்களின் எண்ணிக்கை கூடிய கட்டங்களில் எல்லாம் படுக்கையருகே இருப்பவருக்கு இரண்டில் ஒன்று கிடைத்திருக்கும். ஒன்று, ஒரே நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம். மற்றொன்று, பார்த்ததை வைத்து உடனே செயல்பட அதிகாரம். நம் மருத்துவமனைகளில் இவ்விரண்டும் நிர்வாக விஷயங்களாக அலுவலகக் கோப்புகளில் கிடக்கின்றன. இவை சிகிச்சையின் பகுதி. மருந்தைப் போலவே அளவு பார்த்துத் தரவேண்டியவை. இதைத்தான் சொல்ல வந்தேன்.

கைகளால் மூச்சு

மிகவும் நலிந்த நோயாளிகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்துப் பார்க்கும் எண்ணம் பழையது. அறுவை முடிந்தவர்கள் மயக்கம் தெளியும்வரை தங்க அறுவை அரங்கையொட்டி ஒரு சிற்றறை இருப்பதைப் பற்றி பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1863இல் எழுதியிருக்கிறார். 1923இல் பால்ட்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், மூளை அறுவை மருத்துவர் வால்ட்டர் டாண்டி தம் நோயாளிகளுக்காக மூன்று படுக்கைகளைத் தனியே ஒதுக்கினார். ஆனால் இன்று நாம் அறிந்த தீவிர சிகிச்சை பிறந்தது டென்மார்க்கில், ஒரு கொள்ளைநோயின் நடுவே.

1952ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. தொற்றுநோய்களுக்கான பிளெக்டம் மருத்துவமனைக்கு உச்சக்கட்டத்தில் நாளொன்றுக்கு 50 பேர் வரை வந்தார்கள். மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு உதவ அங்கே இருந்தவை ஒரே ஒரு இரும்பு நுரையீரலும், மார்பின்மேல் கவசம்போல் பொருத்தும் ஆறு சிறு கருவிகளும்தான். முதல் மூன்று வாரங்களில் இப்படிச் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

தலைமை மருத்துவர் லாசன் வேறு வழி தெரியாமல் பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவரை அழைத்தார். நோயாளிகளின் இரத்தத்தில் கரியமில வாயு தேங்குவதுதான் அவர்களைக் கொல்கிறது என்று இப்சன் கணித்தார். அறுவை அரங்கில் செய்வதுபோல நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினால் பிழைப்பார்கள் என்றார். ஆகஸ்ட் 27ஆம் நாள், சாகும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். அவள் பிழைத்தாள்.

ஒரு சிறுமிக்குச் செய்ததை எழுபது பேருக்கு ஒரே நேரத்தில் செய்வது எப்படி? அதற்கு இயந்திரம் கிடையாது. மருத்துவ மாணவர்களும் பல்மருத்துவ மாணவர்களும் வந்தார்கள். மொத்தம் சுமார் 1,500 பேர். ஆளுக்கொரு நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, முறைவைத்து, இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். அவர்கள் உழைத்த நேரம் 1,65,000 மணி. பத்தில் ஒன்பது பேரைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த வார்டில் இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது.

இன்றைய வென்டிலேட்டர்களின் முன்கதையாக இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. பையை அழுத்திய மாணவர் வெறுமனே காற்றடிக்கவில்லை. உதட்டின் நிறத்தைப் பார்த்தார். நெற்றி வியர்ப்பதைப் பார்த்தார். தொண்டையில் சளி கரகரத்தால் கேட்டார். பை இறுகினால் கையில் உணர்ந்தார். ஒரு நோயாளிக்கு ஒரு மனிதர் என்ற அளவில் அங்கே கவனிப்பு கிடைத்தது. இப்சன் 1953 டிசம்பரில் கோபன்ஹேகன் மாநகராட்சி மருத்துவமனையில் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கியபோது கொள்ளைநோய் ஓய்ந்திருந்தது. மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பியிருந்தார்கள். அந்த இருக்கையில் வந்து உட்கார்ந்தவர் செவிலியர். அதன்பின் அங்கிருந்து எழுந்திருக்கவேயில்லை.

அனுமதி என்னும் மருந்து

அடுத்த கட்டம் அமெரிக்காவின் பிலடெல்பியாவில். மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த பிறகும் திடீரெனச் சாவது அக்காலத்தில் சாதாரணம். இதயம் சீராகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும். நான்கைந்து நிமிடங்களுக்குள் மின் அதிர்ச்சி கொடுத்தால் பலர் மீள்வார்கள். தாமதித்தால் மூளை போய்விடும். மின் அதிர்ச்சிக் கருவியும் இருந்தது. மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறையும் 1960இல் வெளியாகிவிட்டது. தடை வேறிடத்தில் இருந்தது. கருவியைத் தொடும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே. மருத்துவர் மாடியில் இருப்பார், அல்லது வீட்டில் இருப்பார்.

பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் லாரன்ஸ் மெல்ட்சர் என்ற மருத்துவரும் ரோஸ் பின்னியோ என்ற செவிலியரும் 1960களின் தொடக்கத்தில் இதய நோயாளிகளுக்கான சிறு பிரிவு ஒன்றை அமைத்தார்கள். அங்கே செவிலியருக்கு இதய மின் அலைகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். திரையில் அலை குலைந்தால் மருத்துவருக்காகக் காத்திராமல் செவிலியரே மின் அதிர்ச்சி கொடுக்கலாம் என்று விதி வகுத்தார்கள். இன்று இது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. அன்று அது பெரும் துணிச்சல். செவிலியர் நோயைக் கண்டறிவதா, சிகிச்சையைத் தாமே தொடங்குவதா என்று எதிர்ப்பு எழாமல் இல்லை. அந்த எதிர்ப்பைத் தாண்டி இம்முறை நாடு நாடாகப் பரவியதற்குக் காரணம் எளியது. புதிய மருந்து எதுவும் சேரவில்லை. புதிய கருவியும் பெரிதாகச் சேரவில்லை. அருகில் இருப்பவருக்கு அனுமதி கொடுத்தார்கள், சாகவிருந்தவர்கள் பிழைத்தார்கள்.

1965இல் இவ்விருவரும் இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து செவிலியருக்கென்றே இதயத் தீவிர சிகிச்சைக் கையேடு ஒன்றை வெளியிட்டார்கள். 1969இல் அமெரிக்காவில் இத்துறைச் செவிலியருக்கெனத் தனிச் சங்கம் உருவானது. தீவிர சிகிச்சைச் செவிலியம் ஒரு தனித் துறையாக நின்றது இப்படித்தான்.

கவலைக்கும் ஒரு மதிப்பெண்

அனுமதி கிடைத்தால் போதுமா? பார்த்ததைப் பிறருக்குத் தெளிவாகச் சொல்லவும் வேண்டுமே. தலைக்காயத்தோடு வந்த ஒருவரைப் பற்றி ஒரு ஷிஃப்டில் ‘கொஞ்சம் மயக்கமாக இருக்கிறார்’ என்று எழுதுவார்கள்; அடுத்த ஷிஃப்டில் ‘அரை நினைவு’ என்று எழுதுவார்கள். நிலைமை மோசமாகியிருக்கிறதா, எழுதிய ஆள் மாறியதால் சொல் மாறியிருக்கிறதா? யாருக்கும் தெரியாது. 1974இல் கிளாஸ்கோ நகரத்து மூளை அறுவை மருத்துவர்கள் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் இதற்கு விடை கண்டார்கள். கண் திறப்பு, பேச்சு, கைகால் அசைவு என்ற மூன்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள் என்றார்கள். இன்று கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று கூட்டினால் 15. மிகக் குறைந்தது 3. இதை யார் வேண்டுமானாலும், எந்த வார்டிலும், மணிக்கொரு முறை செய்யலாம். இரவு இரண்டு மணிக்கு 13 ஆக இருந்தது மூன்று மணிக்கு 11 என்றால், அந்த இரண்டு எண்களின் சரிவைக் கேட்டு மருத்துவர் எழுந்து வருவார். ‘என்னமோ சரியில்லை டாக்டர்’ என்று தயங்கிச் சொல்லவேண்டிய நிலை மாறியது.

மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம், நாடி, வெப்பம், நினைவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் முன்னெச்சரிக்கை அட்டை பிரிட்டனில் 2012இல் நாடு முழுமைக்கும் பொதுவாக வந்தது. அதில் மூச்சு எண்ணிக்கைதான் மிகவும் நுட்பமான அறிகுறி. நம் வார்டுகளில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவதும் அதுதான். கேஸ் ஷீட்டில் எல்லா நோயாளிக்கும் எல்லா நேரமும் 20 என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் ஒன்று மட்டும் உறுதி: யாரும் எண்ணவில்லை. மாணவர்களே, ஒரு நிமிடம் முழுதாக நின்று மார்பைப் பார்த்து எண்ணுங்கள். சீழ்நச்சு இரத்தத்தில் பரவும்போது, இரத்த அழுத்தம் விழுவதற்குச் சில மணிநேரம் முன்பே மூச்சு வேகம் கூடிவிடும்.

எண்களுக்கும் அகப்படாத ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் லிவர்பூல் மருத்துவமனை 1990இல் அவசர மருத்துவக் குழு ஒன்றை உருவாக்கியது. வார்டில் யாருக்காவது நிலைமை மோசமானால் செவிலியர் நேரடியாக அக்குழுவை அழைக்கலாம். எப்போதெல்லாம் அழைக்கலாம் என்ற பட்டியலில் நாடி இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு என்ற எண்களோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள்: நோயாளியைப் பற்றிப் பணியாளருக்குக் கவலை ஏற்பட்டாலே போதும். எண்கள் சரியாக இருந்தாலும் அழைக்கலாம். ஏன் அழைத்தாய் என்று யாரும் கேட்கக்கூடாது. பல ஆண்டுகள் படுக்கையருகே நின்றவரின் மனத்தில் எழும் உறுத்தலை மருத்துவம் ஓர் அறிகுறியாகவே ஏற்றுக்கொண்டது. என் பணிவாழ்வில் நான் படித்த விதிகளிலேயே என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

ஒரு ஷிஃப்டின் உள்ளே

இனி, படுக்கையருகே உண்மையில் நடப்பதைச் சொல்கிறேன். வெளியே கண்ணாடிக் கதவின் வழியாகப் பார்க்கும் உறவினருக்குத் திரையில் ஓடும் கோடுகளும் சிணுங்கும் அலாரமும்தான் தெரியும். உள்ளே ‘ஓவர்’ எடுப்பதிலிருந்து, அதாவது பொறுப்பேற்பதிலிருந்து, வேலை தொடங்குகிறது. முந்தைய ஷிஃப்ட் சிஸ்டர் ஒவ்வொரு குழாயையும் தொட்டுக் காட்டிச் சொல்லவேண்டும்; ஏற்பவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து வாங்கவேண்டும். நர்சிங் ஸ்டேஷனில் நின்றபடி வாய்வார்த்தையாக முடிக்கும் ஓவர் பாதி ஓவர்தான்.

தமனியில் பொருத்திய குழாய் வழியாக இரத்த அழுத்தம் நொடிக்கு நொடி திரையில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அளக்கும் உணரி, நோயாளியின் இதய மட்டத்தில் இருக்கவேண்டும். கட்டிலைச் சற்று உயர்த்திவிட்டு உணரியை அப்படியே விட்டுவிட்டால் எண் பொய் சொல்லும். 10 சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 7 அல்லது 8 புள்ளி மாறும். அந்தப் பொய்யை நம்பி மருத்துவர் மருந்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதனால் தேர்ந்த சிஸ்டர் திரையைப் பார்ப்பதற்கு முன் உணரி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்.

அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்ச் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போகும். அம்மருந்து உடலில் தங்கும் நேரம் சில நிமிடங்களே. சிரிஞ்ச் தீர்ந்து புதியதை மாற்றும்போது ஒரு நிமிட இடைவெளி விழுந்தாலும் அழுத்தம் 110இலிருந்து 60க்குச் சரியக்கூடும். ஆகவே பழையது தீருமுன்பே புதிய சிரிஞ்சைத் தயாராக்கி, இரண்டாவது பம்பில் ஓடவிட்டு, ஒன்றைக் குறைத்துக்கொண்டே மற்றதை ஏற்றி, இடைவெளியே தெரியாமல் மாற்றுவார்கள். இதைச் சரியாகச் செய்தால் திரையில் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி. அதனால்தான் இது வெளியே தெரிவதில்லை.

வென்டிலேட்டரில் இருப்பவருக்குச் சளியை உறிஞ்சி எடுக்கச் சக்ஷன் போடுவதும் அப்படித்தான். மணிக்கொரு தடவை கடமைக்குப் போடுவது தவறு. சளி இருக்கிறதா என்று கேட்டு, முதலில் ஆக்சிஜனைக் கூட்டி, குழாயை உள்ளே விட்டு 15 நொடிக்குள் எடுத்துவிடவேண்டும். மூச்சுக்குழாயின் பலூன் அழுத்தம் 20க்கும் 30க்கும் இடையே நிற்கவேண்டும். குறைந்தால் வாய் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும், கூடினால் உட்சுவர் புண்ணாகும். தலைமாட்டை உயர்த்தி வைப்பது எவ்வளவு சாதாரணமான வேலை! 1999இல் வெளிவந்த பார்சிலோனா ஆய்வில் 86 வென்டிலேட்டர் நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். மல்லாந்து படுத்தவர்களில் 34 விழுக்காட்டினருக்கு நிமோனியா ஐயம் எழுந்தது. சாய்ந்து படுத்தவர்களில் 8 விழுக்காட்டினருக்கே எழுந்தது. கட்டிலின் கைப்பிடியைச் சுழற்றுவதற்கு இவ்வளவு வலிமை.

நுரையீரல் முற்றிலும் அழற்சி கண்டவர்களைக் குப்புறப் படுக்கவைக்கும் முறை கொரோனாக் காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்டது. அதன் ஆதாரம் 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு. 466 பேரில், நாளுக்குக் குறைந்தது 16 மணிநேரம் குப்புறப் படுத்தவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 16 விழுக்காடு. மல்லாந்தே படுத்தவர்களில் ஏறத்தாழ 33 விழுக்காடு. இறப்பைப் பாதியாக்கிய இந்தச் சிகிச்சையில் மருந்து இல்லை. நான்கைந்து பேர் சேர்ந்து, மூச்சுக்குழாயும் கழுத்து லைனும் நழுவாமல் திருப்பி, கண்ணும் காதும் மார்பும் முழங்காலும் அழுந்தாமல் தலையணை வைத்து, முகத்தைச் சில மணிக்கொருமுறை மாற்றி வைப்பதுதான் அந்தச் சிகிச்சை முழுவதும். அந்த ஆய்வில் பங்கேற்றவை இம்முறையில் ஆண்டுக்கணக்கில் பழகிய பிரிவுகள். பழக்கமில்லாத கைகளில் அதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மனம் எங்கே போகிறது

உடலை மீட்டால் போதும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தோம். ஐ.சி.யூ.வில் இரவும் பகலும் ஒன்றாகிவிடும், விளக்கு அணையாது, அலாரம் ஓயாது. மயக்க மருந்தும் காய்ச்சலும் சேர்ந்து நோயாளியின் மனத்தைக் குழப்பிவிடும். எழுந்து ஓடப் பார்ப்பவரை எல்லோரும் கவனிப்போம். பேசாமல் கூரையைப் பார்த்தபடி கிடப்பவரை ‘நல்ல பேஷண்ட்’ என்போம். அவருக்குத்தான் குழப்பம் ஆழமாக இருக்கக்கூடும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனைகள் 2001 முதல் நடைமுறையில் உள்ளன. சிஸ்டர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எழுத்துகளைச் சொல்லும்போது குறிப்பிட்ட எழுத்து வந்தால் மட்டும் அழுத்துங்கள் என்பார். பேச முடியாதவரையும் இப்படிச் சோதிக்கலாம். மருந்தைவிட இங்கே உதவுபவை அவருடைய மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, சுவரில் ஒரு கடிகாரம், ‘அப்பா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை, காலையில எட்டு மணி, உங்க பையன் வெளியில உட்கார்ந்திருக்கார்’ என்று சொல்லும் ஒரு குரல்.

ஸ்காண்டிநேவிய நாடுகளின் செவிலியர் இன்னும் ஒரு படி போனார்கள். நினைவில்லாத நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார்கள். இன்று உங்களை முதன்முறையாக உட்காரவைத்தோம், உங்கள் மனைவி வந்து பாட்டுப் பாடினார் என்று எளிய வரிகள். வீடு திரும்பியபின் அவர் அதைப் படிப்பார். கெட்ட கனவுகளாக மட்டுமே நினைவில் நின்ற வாரங்களுக்கு ஒரு வரிசை கிடைக்கும். ஆறு ஐரோப்பிய நாடுகளில் 352 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், நாட்குறிப்பு பெறாதவர்களில் 13 விழுக்காட்டினருக்குப் புதிதாக வந்த பேரதிர்ச்சி மனநோய், பெற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கே வந்தது. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, எழுத ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம்தான் நம்மிடம் இருப்பதில்லை.

‘டாக்டர், நிறுத்துங்கள்’

2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் பிரோனோவோஸ்ட் என்ற மருத்துவர், பெரிய இரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் போடும்போது நுழையும் கிருமித்தொற்றைக் குறைக்க ஐந்து விதிகளைப் பட்டியலிட்டார். கை கழுவுதல், முழு உடலையும் மூடும் துணி, குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைச் சுத்தம் செய்தல், கூடியவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவை முடிந்த லைனை அன்றே எடுத்தல். ஐந்தும் எல்லோருக்கும் தெரிந்தவை. பட்டியல் பலித்ததற்குக் காரணம் அதோடு சேர்ந்து வந்த ஏற்பாடு: மருத்துவர் ஒரு விதியை விட்டுவிட்டால் அருகே நிற்கும் செவிலியர் வேலையை நிறுத்தலாம், நிர்வாகம் செவிலியர் பக்கம் நிற்கும். மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் இதைச் செயல்படுத்தினார்கள். லைன் பொருத்தியிருந்த ஆயிரம் நாட்களுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்துக்குள் சுழியத்துக்கு வந்தது என்று 2006இல் அறிவித்தார்கள்.

நம் ஊர் ஐ.சி.யூ.வில் 23 வயது ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், துறைத்தலைவரைப் பார்த்து ‘சார், கை கழுவல’ என்று சொல்லமுடியுமா? இங்கே இருக்கும் மருத்துவர்களைக் கேட்கிறேன். சொல்லமுடியும் என்றால் உங்கள் பிரிவு நல்ல பிரிவு. முடியாது என்றால், அங்கே தொங்கும் பட்டியல் சுவரலங்காரம்தான்.

நோயாளியைப் பற்றிச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வி நம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் பணியிடத்திலேயே கொடுமையான தாக்குதலுக்கு ஆளாகி, மூளை பாதிக்கப்பட்டு, 2015 மே மாதம் காலமாகும்வரை அங்கேயே கிடந்தார். தலைமுறை தலைமுறையாகச் செவிலியர் ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், திருப்பிப் படுக்கவைத்தார்கள். ஏறத்தாழ 42 ஆண்டுகள் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். 2011இல் கருணைக்கொலை கோரும் மனு ஒன்றை விசாரித்த நீதிமன்றம், அவர் சார்பாகப் பேசும் உற்ற நண்பர் என்ற தகுதி அவரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. மனுவின் நியாயத்தைப் பற்றி இங்கே பலருக்குப் பல கருத்து இருக்கலாம். அன்றாடம் தொட்டுப் பராமரிப்பவருக்குத் தெரிவதற்குச் சட்டத்தின் முன்னும் எடை உண்டு என்பது அதில் பதிவானது.

எத்தனைக்கு எத்தனை

இப்போது கணக்குக்கு வருகிறேன். லிண்டா எய்க்கனும் உடன் ஆய்வாளர்களும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு இது: அறுவை நோயாளிகளில், செவிலியர் ஒருவர் கவனிக்கும் எண்ணிக்கையில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்விலும் அதே 7 வந்தது. பட்டப்படிப்பு முடித்த செவிலியரின் பங்கு 10 விழுக்காடு கூடினால் இறப்பு வாய்ப்பு 7 விழுக்காடு குறைகிறது என்பதும் அதிலேயே தெரிந்தது. இந்த ஆய்வுகள் பொது வார்டு நோயாளிகளையும் உள்ளடக்கியவை. நொடிக்கு நொடி நிலை மாறும் ஐ.சி.யூ.வில் இதன் கனத்தை நீங்களே ஊகிக்கலாம்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு செவிலியர் என்பதே பிரிட்டனின் நெறி. நம் நாட்டில் மருத்துவமனைத் தர அங்கீகாரத்துக்கான நெறியும் அதையே கேட்கிறது. அதை நிறைவேற்ற எத்தனை பேர் வேண்டும்? வாரத்துக்கு 168 மணி. ஒருவர் வாரம் 48 மணி வேலை பார்த்தால், ஒரு படுக்கைக்கு மூன்றரைப் பேர். விடுப்பு, மகப்பேறு, பயிற்சி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் 30 விழுக்காடு சேர்த்தால் நான்கரைப் பேர். பத்துப் படுக்கைக்கு 45 பேர். புதிய ஐ.சி.யூ. திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் வந்தால் நான் பத்துப் படுக்கையைத் தேடமாட்டேன். அந்த 45 பணியிடங்களுக்கான ஆணையைத் தேடுவேன்.

2020இல் உலகமே வென்டிலேட்டர்களை எண்ணிக்கொண்டிருந்தது. லண்டனில் ஒரு கண்காட்சி மண்டபத்தைச் சில நாட்களில், ஏறத்தாழ 4,000 படுக்கை வரை விரியக்கூடிய மருத்துவமனையாக்கி, அதற்கு நைட்டிங்கேல் என்றே பெயரிட்டார்கள். முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் 54 பேர். மற்ற மருத்துவமனைகள் தங்களிடமே படுக்கைகளைக் கூட்டிச் சமாளித்தது ஒரு காரணம். பயிற்சி பெற்ற தீவிர சிகிச்சைச் செவிலியர் அந்த மற்ற மருத்துவமனைகளிலேயே இருந்தது இன்னொரு காரணம். கட்டிலும் கருவியும் வாரக்கணக்கில் வந்துவிடும். அவற்றுக்கு அருகே நிற்கத் தெரிந்தவர் உருவாகப் பல ஆண்டுகள் வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கு

செவிலியத்தில் நம் மாநிலத்துக்குப் பெருமைப்பட நிறைய உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இலேயே செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். செவிலியர் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டம் 1926இல் வந்தது. இந்தியாவின் முதல் செவிலியப் பட்டப்படிப்புகள் 1946இல் டெல்லியிலும் வேலூரிலும் தொடங்கின. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக் கொடையை 2008 முதல் முறைப்படுத்தியதிலும் தமிழ்நாடு முன்னோடி. கொடையாளருக்கு அரசு மரியாதை செலுத்துகிறது, அது சரியானது. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். குடும்பம் சம்மதித்த நேரத்திலிருந்து அறுவை அரங்குக்குப் போகும்வரை, வெப்பம் குறையாமல், சிறுநீர் வெள்ளமாகப் போய் உடல் வற்றாமல், அழுத்தம் விழாமல், விழிகள் உலராமல் அந்த உடலை யாரோ ஒருவர் இரவு முழுக்கக் காக்கிறார். பத்திரிகைச் செய்தியில் அவர் வருவதில்லை.

2016-17இல் இந்தியச் செவிலியர் மன்றம், தீவிர சிகிச்சையில் உயர்நிலைச் செவிலியரை உருவாக்க இரண்டாண்டு உறைவிட முதுநிலைப் படிப்பைக் கொண்டுவந்தது. 2023இல் பழைய 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. படிப்பு வந்துவிட்டது. படித்தவருக்கென ஒரு பணியிடம், அதற்கேற்ற ஊதியம், எதைத் தாமே முடிவு செய்யலாம் என்ற எழுத்துப்பூர்வமான வரையறை ஆகியவை மருத்துவமனை மருத்துவமனையாக வரவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படிப்பை முடித்தவர்கள் விமானம் ஏறுவார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இருக்காது.

பட்ரீஷியா பென்னர் 1984இல் எழுதிய நூலில், செவிலியர் கத்துக்குட்டி நிலையிலிருந்து தேர்ந்தவராவதை ஐந்து படிகளாகக் காட்டினார். ஐந்தாம் படியில் இருப்பவர் விதியைத் தேடுவதில்லை. நிலைமையை ஒரே பார்வையில் முழுதாகப் பிடித்துவிடுகிறார். அந்தப் படியை எட்டியவரை நாம் என்ன செய்கிறோம்? பதவி உயர்வு கொடுத்து மேசைக்கு அனுப்புகிறோம். ஸ்டோர் கணக்கு, டியூட்டி ரோஸ்டர், லினன் எண்ணிக்கை. அல்லது ஐ.சி.யூ.வில் பழகிய கையைத் திடீரென வேறு வார்டுக்கு மாற்றி, பழகாத ஒருவரை அங்கே நிறுத்துகிறோம். இரவு ஷிஃப்டில் படுக்கையருகே மிஞ்சுவது ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள். படுக்கையை விட்டுப் போகாமலே உயரவும் ஒரு ஏணி வேண்டும்.

ஆகவே மூன்று கோரிக்கைகளோடு முடிக்கிறேன். நிர்வாகிகளுக்கு: தீவிர சிகிச்சைச் செவிலியருக்குப் படுக்கையருகேயே பதவி உயர்வுப் படிகளை உண்டாக்குங்கள், பயிற்சி பெற்றவரை அவர் ஒப்புதலின்றி அங்கிருந்து நகர்த்தாதீர்கள். மருத்துவர்களுக்கு: எண் எதுவும் மாறாவிட்டாலும் கவலையாக இருக்கிறது என்று சிஸ்டர் அழைத்தால் வந்து பாருங்கள்; வந்தபின் ஒன்றும் இல்லை என்றாலும் நன்றி சொல்லுங்கள், அப்போதுதான் அடுத்த முறையும் அழைப்பார். பொதுமக்களுக்கு: உங்கள் அப்பாவையோ அம்மாவையோ ஐ.சி.யூ.வில் சேர்க்கும்போது எந்தக் கம்பெனி வென்டிலேட்டர் என்று கேட்கிறீர்கள், பெரிய டாக்டர் எப்போது வருவார் என்று கேட்கிறீர்கள். அதோடு, ‘இந்த ஷிஃப்டில் ஒரு சிஸ்டருக்கு எத்தனை பேஷண்ட்?’ என்றும் கேளுங்கள். விடை சொல்ல மருத்துவமனை கொஞ்சம் சங்கடப்படும். நூறு குடும்பங்கள் கேட்டால் அந்த எண்ணைக் கதவிலேயே எழுதி வைக்க வேண்டிவரும். எழுதி வைத்த எண்ணைச் சரியாக்காமல் நெடுநாள் விட்டுவைக்க முடியாது.